மலையைக் காப்பவருக்கும் பங்கு உண்டு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"காட்டையும் நீரையும் காப்பது பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்றார் நம் செயலாளர். தலைப்பு ரொம்பப் பெரிசு. ஆகவே ஒரே ஒரு கிராமத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மண் பாதுகாப்பு வேலையில் இருந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஊர் ஒரு பாடப்புத்தகம்.

சண்டிகர் நகரின் சுக்னா ஏரி 1958-ல் ஓர் ஓடையை மறித்துக் கட்டப்பட்டது. சில வருஷங்களிலேயே மண் சேர்ந்து தூர ஆரம்பித்தது. அள்ள அள்ள மண் வந்துகொண்டே இருந்தது. இந்த மண் எங்கிருந்து வருகிறது என்று 1970-களில் மேலே தேடிப் போனார் பி.ஆர். மிஸ்ரா என்ற மண்வள விஞ்ஞானி. சிவாலிக் மலையடிவாரத்தில் இருந்தது சுகோமஜ்ரி. ஹரியானாவைச் சேர்ந்த ஊர். சுமார் அறுபது குடும்பங்கள். மலையோ வனத்துறையுடையது. ஊர் ஆடுமாடுகள் மேய்ந்து மேய்ந்து அது மொட்டையாகிக் கிடந்தது. மழை பெய்தால் மண் நேரே ஏரிக்குத்தான்.

மேய்க்காதே என்று உத்தரவு போடுவது சுலபம். ஆனால் மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைக்கிறவனுக்கு, மழை பொய்த்த வருஷம் ஆடுதானே கஞ்சி ஊற்றுகிறது? 1976-ல் அங்கே ஒரு சின்ன மண் அணை கட்டினார்கள். தேங்கிய மழைநீர் வயலுக்குப் பாய்ந்தது. மேலே மலை மொட்டையாகவே இருந்தால் அணையும் தூர்ந்துபோகும் என்பது ஊராருக்குப் புரிந்தது. மேய்ச்சலை அவர்களே நிறுத்தினார்கள். முள்கம்பி இல்லை, ஊர்க் கட்டுப்பாடே வேலி. 'சமூக வேலி' என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது.

இங்கேதான் ஒரு சிக்கல். நிலம் உள்ளவனுக்குத் தண்ணீர் வந்தது. நிலமில்லாதவனுக்கு? அவனுக்கு மேய்ச்சலும் போச்சு, தண்ணீரும் இல்லை. அவன் இரவோடு இரவாக ஆட்டை மலைக்கு ஓட்டினால் எந்த வேலி நிற்கும்? ஆகவே, நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தண்ணீரில் சம பங்கு என்று ஏற்பாடு செய்தார்கள். நிலமில்லாதவர் தன் பங்கை இன்னொருவருக்கு விற்கலாம். என்னைக் கேட்டால், மண் அணையைவிட இந்த ஏற்பாடுதான் பெரிய பொறியியல்!

மலையில் புல் வளர்ந்தது. ஆடுகள் குறைந்து, கொட்டிலில் கட்டி வளர்க்கும் எருமைகள் பெருகின. கயிறு திரிக்கவும் காகிதம் செய்யவும் உதவும் பாபர் புல்லை, முன்பு குத்தகைதாரர்தான் ஏலம் எடுப்பார். அந்தக் குத்தகை ஊர்ச் சங்கத்துக்கே வந்தது. ஏரிக்கு வரும் மண்ணும் வெகுவாகக் குறைந்தது.

முழுக் கதையும் இனிப்பு அல்ல. பிற்காலத்தில் புல் வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்பதில் சங்கத்துக்கும் வனத்துறைக்கும் இழுபறி வந்தது. அணைகளிலும் மண் சேர்ந்தது. ஊராரின் ஊக்கம் தளர்ந்தது. பங்கு வந்தபோது காடு வளர்ந்தது. பங்கில் சந்தேகம் வந்தபோது கவனிப்பு குறைந்தது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். கூட்டு வன மேலாண்மைக்கு மத்திய அரசு 1990-ல் வழிகாட்டியது. தமிழ்நாட்டில் 1997 முதல் காடு வளர்ப்புத் திட்டத்தின்கீழ் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சமூகக் காட்டைப் பாதுகாக்கும் உரிமையையே கிராம சபைக்குத் தந்தது. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமை மலையடிவாரத்துக் குடிசை வரை நடந்து போக வேண்டுமே!

மாணவச் செல்வங்களே, நாளை உங்களில் சிலர் அதிகாரிகளாவீர்கள். ஒரு திட்டம் மேஜைக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இதனால் யாருக்கு இழப்பு? யாருக்கு லாபம்? கணக்கை ஊர் நடுவில் வாசிக்கிறார்களா?

நண்பர்களே, நம் சங்கம் வருஷா வருஷம் மரக்கன்று நடுகிறது, நல்ல காரியம். அதோடு, மலையடிவாரத்தில் ஏதாவது ஒரு கிராமத்துக்கு மாணவர்களை அழைத்துப் போவோம். அங்குள்ள பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்போம். தண்ணீர் குடிப்பது நாம். மலையைக் காப்பது அவர்கள். அவர்களுக்கு நாம் என்ன தருகிறோம் என்று யோசிக்கத் தொடங்கினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.