அறுவைக்கு முன்னே நடை



நம் வீடுகளில் பெரியவர் ஒருவருக்குப் பெரிய அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டுமென்று மருத்துவர் நாள் குறித்துவிட்டால், அன்று மாலையே வீட்டில் ஒரு சட்டம் பிறந்துவிடும். "இனி ஒரு துரும்பையும் எடுக்கக் கூடாது, பேசாமல் படுத்திருக்க வேண்டும்" என்பதே அச்சட்டம். அன்பினால் பிறந்த சட்டந்தான். ஆயினும் அறுவைக்குக் காத்திருக்கும் மூன்று நான்கு வாரங்களைக் கட்டிலில் கழிப்பது உடலுக்கு ஊறு செய்யும் என்று இன்றைய மருத்துவம் கூறுகின்றது. அவ்வாரங்களை வேறு வகையில் பயன்படுத்துவது எங்ஙனம், கைக்கடிகாரம் போல உடலில் அணியும் சிறு கருவிகள் அதற்கு எவ்வளவு துணை செய்யும் என்பன பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

படுக்கை உடலை என்ன செய்யும் என்பதை அறிய 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஓர் ஆய்வு செய்தனர். இருபது வயது நிரம்பிய, நோய் நொடியற்ற ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தினர். எழுந்தபோது, உடல் உச்ச அளவில் உழைக்கையில் பிராணவாயுவை ஏற்கும் ஆற்றல் அவர்களுக்குக் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதான அதே ஐவரையும் மீண்டும் அழைத்துச் சோதித்தனர். முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து பறித்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை பறித்ததே மிகுதி என்று கண்டனர். இருபது வயது இளைஞர் கதி இதுவெனில், அறுபத்தைந்து வயது நோயாளியின் கதியை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அறுவைக்கும் இந்த ஆற்றலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வயிற்றையோ மார்பையோ திறந்து செய்யும் பெரிய அறுவைக்குப் பின், புண்ணை ஆற்றவும் உடற்சூட்டைக் காக்கவும் கிருமிகளை எதிர்க்கவும் உடல் வழக்கத்தைவிட ஏறத்தாழ அரைப்பங்கு கூடுதலாகப் பிராணவாயுவைக் கேட்கும். ஒரு மணி இரண்டு மணி நேரத்திற்கன்று. சில நாட்களுக்கு ஓயாமல் கேட்கும். நோயாளி அசையாமல் கட்டிலில் கிடக்கிறார் என்று நாம் எண்ணுகிறோம். அவருடைய இதயமோ மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. கையிருப்பு உள்ள இதயமும் நுரையீரலும் தசையும் அந்தக் கேள்விக்கு ஈடு கொடுக்கும். கையிருப்பு இல்லாதவை தடுமாறும்.

இதனை எண்ணால் காட்டியவர் ஆஸ்திரேலிய மருத்துவர் பால் ஓல்டர். அவரும் அவர் துணைவரும் பெரிய அறுவைக்கு வந்த முதியோர் 187 பேரை முன்னதாகவே நிலைச் சைக்கிளில் ஏற்றி மிதிக்கச் செய்து, மூச்சில் செல்லும் வாயுவை அளந்தனர். உழைப்பு ஒரு எல்லையைக் கடந்ததும் தசைகளுக்குப் பிராணவாயு மட்டும் போதாமற்போகும். வேறு வழியிலும் ஆற்றலைத் தேடத் தொடங்கும். அந்த எல்லை, உடலெடை கிலோ ஒன்றுக்கு நிமிடத்தில் 11 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தவர் 55 பேர். அறுவைக்குப் பின் அவர்களுள் 10 பேர் இதயக் கோளாறுகளால் இறந்தனர். எல்லை அதற்கு மேலிருந்த 132 பேரில் அவ்வாறு இறந்தவர் ஒருவரே. இது வெளிவந்தது 1993இல். அறுவையாளரின் கைத்திறனைப் போலவே நோயாளியின் கால் திறனும் கணக்கில் வருகிறது என்பதை மருத்துவ உலகம் அதன் பின்னரே ஊன்றி நோக்கலாயிற்று.

அப்படியாயின், அறுவைக்கு முன்னுள்ள சில வாரங்களில் அக்கையிருப்பைச் சேர்க்க இயலுமா? இயலும் என்கின்றன பிற்கால ஆய்வுகள். ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரில், இடர் மிகுந்த வயிற்று அறுவை நோயாளிகள் 125 பேரிடம் கண்டதை 2018இல் வெளியிட்டனர். முன்பயிற்சி பெறாதவர்களில் நூற்றுக்கு 62 பேருக்கு அறுவைக்குப் பின் ஏதேனும் ஒரு சிக்கல் நேர்ந்தது. பயிற்சி பெற்றவர்களில் அவ்வாறு நேர்ந்தது நூற்றுக்கு 31 பேருக்கே. பெருங்குடற் புற்றுநோயாளர் 251 பேரை வைத்துப் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. நான்கு வாரப் பயிற்சியும், புரதம் மிகுந்த உணவும், மனத்துக்குத் தேறுதலும், புகை நிறுத்தமும் சேர்ந்து, கடுமையான சிக்கல்களை நூற்றுக்கு 30 என்ற அளவிலிருந்து 17 ஆகக் குறைத்தன.

ஆனால் அப்பயிற்சிக்கு நோயாளி வாரம் மூன்று முறை மருத்துவமனைக்கு வர வேண்டியிருந்தது. இங்கேதான் எங்கள் ஊர் என் கண்முன் நிற்கிறது.

கடம்பூரை இரயிலில் போவோர் போளியால் அறிவர். நாங்கள் அதனைக் கரிசலால் அறிவோம். மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் சோளமும் கம்பும் மிளகாயும் விளையும் காடு அது. அந்தக் காட்டில் உழைப்பவர், கோவிற்பட்டிக்கோ திருநெல்வேலிக்கோ வாரம் மும்முறை போய்வருவதென்றால் மூன்று நாள் கூலி போயிற்று. துணைக்கு வருபவரின் கூலியும் போயிற்று. பேருந்துக் கட்டணம் வேறு. ஆகவே பயிற்சி வீட்டு வாசலிலேயே நடக்க வேண்டும். நடந்ததா இல்லையா என்பது மட்டும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அணிகருவியின் உண்மையான பயன் இதுவேயன்றி, அழகன்று.

"கரிசல்காட்டு ஆளுக்கு நடைப் பயிற்சியா?" என்று சிலர் நகைக்கக் கூடும். காட்டு வேலை பருவத்தில் வந்து பருவத்தில் போவது. விதைப்புக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் இடையே நெடிய ஓய்வு உண்டு. நோய் வந்துவிட்டாலோ முற்றும் ஓய்வுதான்.

கருவி எவ்வாறு அடியை எண்ணுகிறது? டவுன் பஸ்ஸில் நின்று செல்லும்போது ஓட்டுநர் சட்டென்று நிறுத்தினால் நாம் முன்னே சாய்கிறோம். கிளப்பினால் பின்னே சாய்கிறோம். அக்கடிகாரத்தினுள்ளே, கண்ணுக்குப் புலப்படாத சிலிக்கன் துணுக்கு ஒன்று நுண்ணிய வில்களில் தொங்கி, நம் உடல் அசையும்போதெல்லாம் அப்பயணியைப் போலவே சாய்கிறது. அச்சாய்வை மின்குறியாக மாற்றிக் காட்டும் இக்கருவிக்கு முடுக்கமானி என்று பெயர். நடையில் எழும் அசைவு ஒழுங்காக வருவதால், அதைத் தனியே பிரித்து எண்ண முடிகிறது. கடிகாரத்தின் அடியில் பச்சை ஒளி மினுக்குவதையும் பார்த்திருப்பீர்கள். குருதி பச்சை ஒளியை விழுங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்குக் குருதி மிகுதியாக வரும்போது திரும்பும் ஒளி குறைகிறது. அந்த ஏற்ற இறக்கமே நாடி.

நாளைக்குப் பதினாயிரம் அடி என்னும் கணக்கை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அது மருத்துவர் வகுத்த விதி என்று பலர் எண்ணுகின்றனர். டோக்கியோவில் 1964இல் ஒலிம்பிக் நடந்தபின், 1965இல் ஜப்பானியக் கம்பெனியொன்று இடுப்பில் செருகும் நடைமானியை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் 'மான்போ கேய்', அதாவது பதினாயிரம் அடி மானி. விற்பனைப் பெயராக வந்த எண்ணே உலகமெங்கும் விதியாகிவிட்டது! அமெரிக்காவில் எழுபது வயதை ஒட்டிய பெண்கள் பதினாறாயிரம் பேருக்கு மேல் முடுக்கமானி அணிவித்துக் கண்ட முடிவு 2019இல் வந்தது. நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவரைவிட 4,400 அடி நடந்தவரிடையே இறப்புக் குறைவு. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. நம் மாநிலத்தில் 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது. அது நலமுள்ளோர்க்குரிய அளவு. அறுவைக்குக் காத்திருப்பவர்க்கு ஊரார் அளவு வேண்டுவதில்லை. தம் நேற்றைய அளவே போதும்.

என் அத்தைக்குப் பெருங்குடலில் கட்டி என்று கண்டபோது வயது அறுபத்தெட்டு. அறுவைக்கு நான்கு வாரம் இருந்தது. மருத்துவரின் இசைவு பெற்று அவர் மணிக்கட்டில் கருவியைக் கட்டினேன். "ஏன்யா, நான் நடக்காத நடையா? இந்தக் கடிகாரமா எனக்கு நடக்கச் சொல்லித் தரப்போகுது?" என்றார். முதல் நாள் கணக்கு ஆயிரத்தைத் தொடவில்லை. அதைக் கேட்டு அவருக்கே வியப்பு, பிறகு சினம். கருவி பொய் சொல்கிறது என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து ஒரு கையால் அணைத்து நடப்பவரின் கை அசைவதில்லை. கை அசையாவிட்டால் மணிக்கட்டுக் கருவி பல அடிகளைத் தவறவிடும். குந்தியிருந்து களை பறிப்பது எத்துணை கடுமையான உழைப்பு! கருவியின் ஏட்டில் அது பெரும்பாலும் சோம்பலே. என் மகன் அதே கருவியை அணிந்து டிராக்டரில் ஒரு சுற்றுப் போய்வந்தான். உட்கார்ந்தபடியே பல நூறு அடி 'நடந்து' விட்டதாக அது பாராட்டிற்று. மேலைநாட்டு அலுவலகத்தில் நடப்பவரை எண்ணிச் செய்த கருவி நம் காட்டுக்கு வந்தால் இப்படித்தான் திகைக்கும். அத்தை தாமே வழி கண்டார். கருவியைக் கழற்றிச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். இடுப்பு எல்லா அடிக்கும் அசையுமன்றோ? எண் சரியாயிற்று. ஆனால் தோலில் படாத கருவி நாடியைச் சொல்லாது. அதற்கு மாற்றாக மருத்துவர் கூறிய உபாயம் எளிது: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த அளவே விறுவிறுப்பு.

விடியற்காலையில் இரயில் நிலையச் சாலையில் நடந்தார். மழை பெய்த நாட்களில் கரிசல் மண் காலில் அப்பி ஒவ்வோர் அடிக்கும் ஒரு படி மண்ணைத் தூக்கச் செய்யும். அந்நாட்களில் வீட்டுக்குள்ளேயே நாற்காலியிலிருந்து எழுவதும் அமர்வதுமாகப் பயிற்சி. நான்காம் வாரம் நாளுக்கு மூவாயிரத்தை எட்டினார். அறுவைக்கு மறுநாள் கட்டிலை விட்டு எழுந்தார்; அடுத்த நாள் வார்டின் வாசல்வரை நடந்தார். நடந்திராவிட்டால் எழுந்திருக்கமாட்டாரா என்று கேட்டால் யாரே சொல்ல வல்லார்? ஒருவரைக் கொண்டு முடிவு கட்டலாகாது. அதற்காகவே முன்சொன்ன ஆய்வுகளை விரித்தேன்.

சில எச்சரிக்கைகள் உண்டு. குடல்வால் வெடித்தாலோ எலும்பு முறிந்தாலோ பயிற்சிக்கு நேரமில்லை; உடனே அறுவைதான். புற்றுநோய்க்குக் குறித்த நாளைப் பயிற்சியின் பேரால் தள்ளிப்போடலாகாது. நெஞ்சுவலி, மயக்கம், ஓய்விலும் மூச்சிரைப்பு உள்ளவர் மருத்துவர் சொல்லாமல் ஓரடியும் கூட்டக்கூடாது. விரலில் மாட்டிப் பிராணவாயுவைக் காட்டும் கருவி, கறுத்த தோலுடையவரிடம் உண்மையைவிட உயர்த்திக் காட்டக்கூடும் என்று 2020இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. அந்த எண்ணை மட்டும் நம்பி ஆறுதல் கொள்ள வேண்டாம். பீடி பிடிப்பவர் அறுவைக்கு நான்கு வாரம் முன்பாவது அதை விட்டுவிட்டால் சிக்கல் குறையும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது. நம் பெண்களிடம் மிகுந்துள்ள குருதிச் சோகையை எத்தனை அடி நடந்தாலும் நடையால் மாற்ற முடியாது. அதற்குச் சோதனையும் மருந்தும் வேண்டும். உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை, முட்டை, மீன் ஆகியவை தசைக்கு உரம். கோவிற்பட்டிக் கடலைமிட்டாயும் கடலைதானே என்று கேட்பவர் இருக்கின்றனர். சர்க்கரை நோயுள்ளவர் அந்த வாதத்தை மருத்துவரிடம் வைத்துப் பார்க்கட்டும்.

கருவி விலைக்கு வாங்க இயலாத வீட்டில் மாணவராகிய நீங்கள் உதவலாம். பலரது கைப்பேசியிலேயே முடுக்கமானி இருக்கிறது. அதுவும் இல்லையேல், மருத்துவமனைகள் செய்யும் ஆறு நிமிட நடைச் சோதனை இருக்கிறது. மருத்துவர் இசைந்தால், 30 மீட்டர் தூரத்தை அளந்து இருமுனையிலும் கல் வைத்து, ஆறு நிமிடத்தில் பாட்டனார் எத்தனை முறை போய்த் திரும்புகிறார் என்று வாரம் ஒருமுறை எண்ணி, தேதியோடு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். மூச்சு வாங்கினால் அவர் நிற்கட்டும், நின்றதையும் எழுதுங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருகின்றனர். அவர் வரும் நாளில் அந்த நோட்டை எடுத்து முன்னே வையுங்கள். அடுத்த வாரம் எவ்வளவு கூட்டலாம் என்பதை அவர் அந்த எண்களைப் பார்த்துச் சொல்லுவார்.