பவளம் விற்றவர்களின் கல்லறை

மதராஸ் நாள் விழா மேடையில் கோட்டையைப் பற்றியும் கடற்கரையைப் பற்றியும் பேச ஆள் நிறைய உண்டு. நான் ஓர் இடுகாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

லாயிட்ஸ் ரோடு, இன்றைய அவ்வை சண்முகம் சாலை. எத்தனை முறை அந்த வழியாகப் போயிருப்பீர்கள்! அங்கே யூதர்களின் இடுகாடு இருக்கிறது. முப்பது கல்லறைகூடத் தேறாது.

யார் இவர்கள்? ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுக்கலிலிருந்தும் மதத்தின் பேரால் விரட்டப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். 17ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே விற்றார்கள். கோல்கொண்டா வைரத்தை வாங்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். ஜார்ஜ் டவுனில் இன்றும் பவளக்காரத் தெரு என்கிறோமே, அந்த வியாபாரத்தின் மிச்சம்தான் அந்தப் பெயர். நம் பாட்டிமார் கழுத்தில் கிடந்த பவளமணி எந்தக் கடலில் விளைந்தது என்று யார் கேட்டோம்?

அவர்களில் ஒருவர் ஜாக் டி பைவா. 1687இல் காலமானார், பெத்தநாயக்கன்பேட்டையில் அடக்கம் செய்தார்கள். மறு வருடம், 1688இல், மதராஸ் மாநகராட்சி பிறந்தது. அதன் முதல் ஆல்டர்மன்களில், அதாவது மன்ற உறுப்பினர்களில், மூவர் யூத வணிகர்கள்! லண்டன் மாநகரில் ஒரு யூதர் ஆல்டர்மனாக அமர 1847 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் ஊர் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் முந்திக்கொண்டது. இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்!

ஆனால் நகரம் வளர்ந்தது, பெத்தநாயக்கன்பேட்டையில் இருந்த பழைய இடுகாடு போனது. வடசென்னையிலிருந்த கல்லறைக் கற்கள் 1980களில் லாயிட்ஸ் ரோட்டுக்கு வந்து சேர்ந்தன. புதைத்த இடத்தைக் கலைக்கக் கூடாது என்பது யூதர்களின் நெறி. இடுகாட்டுக்கு அவர்கள் வைத்த பெயரே 'உயிருள்ளோரின் வீடு'. அந்த வீட்டைத்தான் நாம் காலி செய்ய வைத்தோம்.

வலமிருந்து இடமாக ஓடும் எபிரேய எழுத்துகளை அங்கே விரலால் தடவிப் பார்த்தேன். சில இடங்களில் பள்ளம் தட்டுப்படுகிறது, சில இடங்களில் வெறும் கல்தான். யூத மரபில் கல்லறையில் பூ வைப்பதில்லை, கூழாங்கல் வைப்பார்கள். நானும் ஒன்று வைத்துவிட்டு வந்தேன்.

மாநகராட்சிக்கு இந்த மேடையிலிருந்து என் வேண்டுகோள்: எழுத்து அழிவதற்குள் ஒவ்வொரு கல்லையும் படமெடுங்கள், அதிலிருப்பதைத் தமிழில் பெயர்த்து வாசலில் பலகையாக வையுங்கள். உங்கள் முதல் மன்றத்தில் உட்கார்ந்தவர்களின் இனத்தார் அங்கே உறங்குகிறவர்கள்.