டைனோசருக்கு எத்தனை புள்ளி?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் அறிவியல் கழகப் பொறுப்பாசிரியர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். தலைமையாசிரியர் என்னை டைனோசரைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார். எங்கள் கழகப் பிள்ளைகள் செய்த ஆட்டம் ஒன்று மண்டப வாசலில் மேசைமேல் வைக்கப்பட்டிருப்பதுதான் காரணம். அதைப் பார்த்த தகப்பனார் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "என்ன சார், பள்ளிக்கூடத்துல பகடை உருட்டக் கத்துக் குடுக்கிறீங்களா?" நியாயமான கேள்விதான். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். காசு வைத்து ஆடுகிற ஆட்டம் அல்ல இது. நம் பாட்டிமார் தாயம் உருட்டினார்களே, அதற்குப் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வகை ஆட்டத்தில் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கிறார்கள். ஒருவர் ஆட்டத்தலைவர். அவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் "நான் மரத்தில் ஏறுகிறேன்", "நான் ஈட்டி எறிகிறேன்" என்று சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கெல்லாம் மூத்தது. அதில் ஒவ்வொரு விலங்குக்கும் எவ்வளவு வேகம், எவ்வளவு அடி தாங்கும், கடித்தால் எவ்வளவு சேதம் என்று எண்கள் கொடுத்திருப்பார்கள். டைனோசர்களும் அதில் உண்டு.

அந்த எண்களை நாமே செய்வோம் என்று எங்கள் பிள்ளைகள் கிளம்பினார்கள். நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அட்டையில் எந்த எண்ணை எழுதினாலும், "இது எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பதில் இருக்கவேண்டும். "படத்துல பார்த்தேன்" என்பது பதில் ஆகாது.

முதல் சண்டையே வேகத்தில்தான் வந்தது. டைரனோசாரஸ் ரெக்ஸ் எவ்வளவு வேகமாக ஓடும்? 1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தில் அதன் வேகம் மணிக்கு 32 மைல் என்று சொல்லப்படுகிறது. கிலோமீட்டரில் 51. பையன்களுக்கு அதுவே போதவில்லை, 70 போடலாம் என்றார்கள். ஏழு டன் விலங்குங்க! லோரி எடை!

செத்துப்போய் ஆறரைக் கோடி ஆண்டுக்கு மேல் ஆன விலங்கின் வேகத்தை யார் அளந்தது? இதற்கு அழகான வழி இருக்கிறது. 1976-இல் மெக்நீல் அலெக்சாண்டர் என்ற பிரிட்டிஷ் பேராசிரியர், பாறையில் பதிந்த காலடித் தடங்களிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்றை வெளியிட்டார். தடத்தின் நீளத்தை நான்கால் பெருக்கினால் இடுப்பு உயரம் சுமாராகக் கிடைக்கும். ஒரே கால் அடுத்தடுத்துப் பதிந்த இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்தால் மற்றது கணக்கு. தடம் 50 சென்டிமீட்டர், தூரம் 2.8 மீட்டர் என்றால் அந்த விலங்கு மணிக்குச் சுமார் 7 கிலோமீட்டரில் போயிருக்கிறது. பஸ்ஸைப் பிடிக்க நாம் வேகமாக நடப்போமே, அவ்வளவுதான்.

ஆனால் சேற்றில் யாரும் தலைதெறிக்க ஓடுவதில்லை. ஆகவே உச்ச வேகத்துக்குத் தடம் மட்டும் போதாது, தசையைப் பார்க்கவேண்டும். 2002-இல் ஜான் ஹட்சின்சனும் மரியானோ கார்சியாவும் அதைத்தான் கணக்கிட்டார்கள். மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடவேண்டுமானால் டைரனோசாரஸின் உடல் எடையில் 86 விழுக்காடு கால் தசையாகவே இருந்திருக்க வேண்டுமாம். அப்புறம் தலை, வயிறு, வால் எல்லாம் எங்கே போவது? 40-க்கு மேல் வாய்ப்பில்லை, 18 ஆகவும் இருக்கலாம் என்று முடித்தார்கள். 2017-இல் வேறொரு குழு கணினியில் எலும்பின் வலிமையையும் சேர்த்துப் பார்த்து, சுமார் 27-க்கு மேல் போனால் கால் எலும்பே தாங்காது என்றது. பகாங் கோலா கண்டாவில் யானைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆசிய யானை மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வரை போவதைத் தாய்லாந்தில் நேராகவே அளந்து 2003-இல் எழுதியிருக்கிறார்கள். ஆக, இந்த எண் ஆகாயத்திலிருந்து விழுந்தது அல்ல.

எங்கள் ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது ஆறு விநாடி. மணிக்கு 18 என்றால் ஆறு விநாடியில் 30 மீட்டர், 27 என்றால் 45 மீட்டர். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பகடையை உருட்டி, விழும் எண்ணை மூன்றால் பெருக்கி, 27-உடன் கூட்டச் சொன்னார்கள். ஒன்று விழுந்தால் 30, ஆறு விழுந்தால் 45. இப்போது நம் ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் நூறு மீட்டரை 16 விநாடியில் ஓடுகிறான் என்று வையுங்கள். ஆறு விநாடியில் முப்பத்தேழரை மீட்டர். பகடையில் மூன்று வரை விழுந்தால் அவன் முன்னே, நான்கு விழுந்தால் ராஜா முன்னே. பையனுக்குப் பாதி, டைரனோசாரஸுக்குப் பாதி! இதை உருட்டிப் பார்த்த அன்றுதான் 70 கேட்ட பையன்கள் வாயை மூடினார்கள். தப்பிக்கவே முடியாத விலங்கைவிட, தப்பிக்கலாமோ என்று நினைக்க வைக்கும் விலங்குதான் வயிற்றைக் கலக்கும்.

அசையாமல் நின்றால் அதற்குக் கண் தெரியாது என்பதும் படத்துக் கதைதான். அதன் இரண்டு கண்களும் முன்னோக்கி இருந்தன. மோப்பமும் பலம். எங்கள் அட்டையில் பார்வைக்கும் மோப்பத்துக்கும் உயர்ந்த எண் போட்டிருக்கிறோம். சிலையாக நிற்கிறவனை முதலில் தின்றுவிடும்.

அடுத்தது எடை. இதை வீட்டில் செய்து பார்க்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதே அலெக்சாண்டர், அருங்காட்சியகத்தில் விற்ற பிளாஸ்டிக் டைனோசர் பொம்மைகளை வைத்தே எடையைக் கணித்தவர். பொம்மை நாற்பதில் ஒரு பங்கு அளவு என்று வையுங்கள். விளிம்புவரை நீர் நிறைந்த வாளியில் அதை முழுதாக அமிழ்த்தினால் 100 மில்லிலிட்டர் வழிகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் நாற்பது மடங்கு பெருகுவதால், நாற்பதை மூன்று தரம் பெருக்கவேண்டும். 64,000. ஆகவே உண்மை விலங்கு 6,400 லிட்டர். உடலின் அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீர் அளவே என்று கொண்டால் 6.4 டன்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பொம்மை செய்தவர் ஒவ்வொரு பக்கமும் பத்து விழுக்காடு கொழுப்பாகச் செய்துவிட்டால் எடை பத்து விழுக்காடா கூடும்? இல்லை, முப்பத்து மூன்று விழுக்காடு கூடும். அதனால்தான் அறிஞர்கள் கணக்கே இப்படி ஆடுகிறது. பெர்லினில் நிற்கும் பிராக்கியோசாரஸ் இனத்து எலும்புக்கூட்டுக்கு 1962-இல் எட்வின் கோல்பர்ட் சொன்ன எடை 78 டன். 2012-இல் ஒரு குழு சொன்னது 23 டன். அதே எலும்புதாங்க! சதையை எவ்வளவு ஒட்டுவது என்பதில்தான் வித்தியாசம்.

இனி உயிர்ப்புள்ளி. அடிபட அடிபடக் குறைந்து, பூச்சியத்துக்கு வந்தால் ஆள் காலி. 70 கிலோ மனிதனுக்குப் பத்துப் புள்ளி கொடுத்தோம். 7,000 கிலோ டைரனோசாரஸ் நூறு மடங்கு எடை. அப்படியானால் ஆயிரம் புள்ளியா? அதற்குள் ஆட்டம் முடிந்து பிள்ளைகள் பசியாறப் போய்விடுவார்கள். இங்கேதான் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி சொன்னாள்: "ஈட்டி எடையைப் பார்க்காதுங்க ஐயா. எவ்வளவு ஆழம் போகணும்னுதான் பார்க்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடை நூறு மடங்கு ஆனால் உடலின் தடிப்பு நூறு மடங்கு ஆகாது, சுமார் 4.6 மடங்குதான் ஆகும். ஆக, குத்துக் காயத்துக்கு 46 புள்ளி. அப்படியே எழுதினோம்.

கீழே விழுவதற்கு மட்டும் தனி விதி. விழுகிற அடியை எடையே தீர்மானிக்கிறது. பூனை கூரையிலிருந்து குதித்து ஓடிவிடும், மாடு குதித்தால் பிழைக்காது. வேகமாக ஓடும் டைரனோசாரஸ் தடுக்கி விழுந்தால், தாங்கிப் பிடிக்க அந்தக் குட்டிக் கை உதவாது, உயிருக்கே ஆபத்து என்று 1995-இல் ஜேம்ஸ் ஃபார்லோ குழுவினர் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். இது தெரிந்ததும் எங்கள் பிள்ளைகள் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு வாய்க்கால் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகத்தோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதில் கவச எண் என்று ஒன்று இருக்கிறது. அடி படுமா என்பதும், பட்டால் உறைக்குமா என்பதும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. அங்கிலோசாரஸைப் பாருங்கள். முதுகு முழுவதும் எலும்புத் தகடு. மெதுவான பிராணி, கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் படும், ஆனால் உறைக்காது. நாங்கள் இரண்டையும் பிரித்து இரண்டு கட்டங்கள் போட்டோம். ஆட்டம் கொஞ்சம் மெதுவாகிறது, பரவாயில்லை.

வெலோசிராப்டர் விஷயத்தில் சிறுவர்களுக்கு ஏமாற்றம். படத்தில் ஆள் உயரம். உண்மையில் வான்கோழி அளவுதான், எடை 15 கிலோ பக்கம். போதாக்குறைக்கு, கை எலும்பில் சிறகு பொருந்திய முண்டுகள் இருப்பதை 2007-இல் கண்டுபிடித்தார்கள். அந்த அட்டையை யாரும் வாங்கிக்கொள்வதில்லை.

எல்லா அட்டைகளையும் பென்சிலில்தான் எழுதியிருக்கிறோம். ஸ்பைனோசாரஸ்தான் அதற்குக் காரணம். 1915-இல் பெயரிடப்பட்ட அதன் எலும்புகள் 1944-இல் மியூனிக் நகரில் குண்டு வீச்சில் அழிந்தன. 2014-இல் மொராக்கோவிலிருந்து புதிய எலும்புகளின் விவரம் வந்தது. 2020-இல் துடுப்பு மாதிரியான வால் என்று தெரிந்தது. எவ்வளவு நீந்தும் என்பதில் இன்னும் வழக்கு நடக்கிறது. பிள்ளைகளும் அழித்து அழித்து எழுதுகிறார்கள்.

அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பல் ஒன்று நம் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. 2012-இல் பகாங் உட்பகுதியில் மலாயாப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானிய அறிஞர்களும் கண்டெடுத்து, 2014-இல் அறிவித்தார்கள். மலேசியாவில் உறுதி செய்யப்பட்ட முதல் டைனோசர் புதைபடிவம் அதுதான். நீளம் 23 மில்லிமீட்டர். என் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிசு.

அதற்கும் ஓர் அட்டை வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்றார்கள். "நம்ம ஊரு டைனோசர், ஐயா! 15 மீட்டர் போடுங்க!" எப்படித் தெரியும் என்று கேட்டேன். அமைதி. ஒரு பல்லை வைத்து நீளம் சொல்ல முடியாது. தாடையில் எந்த இடத்துப் பல், குட்டியா கிழமா, ஒன்றும் தெரியாது. இந்த இனங்களுக்குப் பல் விழுந்து விழுந்து முளைக்கும். மீன் முக்கிய உணவு என்று மட்டும் எழுதலாம். இங்கிலாந்தில் 1983-இல் கிடைத்த உறவு விலங்கான பேரியோனிக்ஸின் வயிற்றுப் பகுதியில் மீன் செதில்கள் இருந்தன.

வாசல் மேசையில் கடைசியாக இருக்கும் அட்டை அதுதான். உணவு: மீன். பல்: 23 மில்லிமீட்டர். நீளம் என்ற கட்டம் காலி. ஆட வேண்டுமே என்பதற்காக அடியில் சின்னதாக, 'பகடை எண்ணுடன் ஆறைக் கூட்டு, மீட்டரில்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை ஆடும்போதும் வேறு நீளத்தில் வரும். போகும்போது ஒரு தரம் உருட்டிப் பாருங்கள், பென்சில் பக்கத்திலேயே இருக்கிறது.