உயர்நிலைப் பள்ளியும் விளையாட்டுத் திடலும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு, பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் என்னைப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. ஆதலின், நானும் நீங்களும் அறிந்த பொருளொன்றையே எடுத்துக்கொண்டேன். சித்தூர், திருப்பதி வட்டாரத்து உயர்நிலைப் பள்ளிகளில் சென்ற தலைமுறைகளின் மாணவர் வாழ்க்கை எவ்வாறு இருந்தது, அதில் விளையாட்டு பெற்றிருந்த இடம் யாது என்பதே அப்பொருள். இறுதியில் நம் காலனியைக் குறித்தும் ஒரு வேண்டுகோள் உண்டு.

முதலில் நாம் வாழும் மண்ணைப் பற்றிச் சில சொற்கள். சித்தூர் நகரம் ஒரு காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது இம்மாவட்டம் அதனுள் அமைந்தது. தமிழ் வழங்கும் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமென்று ம. பொ. சிவஞானம் அவர்கள் முதலானோர் போராடினர். படாஸ்கர் அவர்களின் பரிந்துரையை ஒட்டி, 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022-ல் திருப்பதியும் ஒரு தனி மாவட்டமாகிவிட்டது. எல்லைக்கோடுகள் இவ்வாறு இடம் மாறிய இந்நாட்டில்தான் நம் முன்னோர், வேலூரிலிருந்தும் ஆர்க்காட்டிலிருந்தும் இன்னும் தெற்கேயிருந்தும், இரயில்வே வேலையை நம்பி வந்து குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளிலே சேர்ந்தார்கள்.

இப்பள்ளிகளின் பெருமை சிறிதன்று. திருத்தணியில் 1888-ல் பிறந்த சர்வேபள்ளி இராதாகிருஷ்ணன் அவர்கள், இளமையில் திருப்பதியிலிருந்த லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றவர். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அவர் பிறந்த செப்டம்பர் 5-ஆம் நாளையே 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறோம். திருச்சானூரில் பிறந்த அனந்தசயனம் ஐயங்கார் அவர்கள், திருப்பதியிலே உயர்நிலைப் பள்ளியில் படித்து, கணித ஆசிரியராயிருந்து, வழக்கறிஞராகி, 1956 முதல் 1962 வரை மக்களவையின் தலைவராக வீற்றிருந்தவர். சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் 1880-ல் பிறந்த இராமலிங்க ரெட்டி அவர்கள், சித்தூர்ப் பள்ளியிலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கும் சென்று, 1926-ல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். நம் குழந்தைகள் நாள்தோறும் நடக்கும் தெருக்களில் இப்பெரியோர்களும் புத்தகப் பையோடு நடந்தவர்களே.

இனி, அந்நாளைய பள்ளி வாழ்க்கையைப் பார்ப்போம். தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்பு முடித்தவன் முதல் பாரத்தில் சேருவான். ஆறாம் பாரம் எஸ்.எஸ்.எல்.சி. அதில் தேறியவனுக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. அரசாங்கத்திலோ இரயில்வேயிலோ ஒரு நாற்காலி கிடைக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. கிராமத்திலிருந்து வருபவர்கள் விடியற்காலையில் எழுந்து, பழைய சோற்றை உண்டு, தூக்குப் பாத்திரத்தோடு நான்கு ஐந்து மைல் நடந்து வருவார்கள்.

வேறு சிலர் இரயிலில் வருவார்கள். இவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையுண்டு! காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் பாதை அப்போது மீட்டர் கேஜ் பாதை. அதில் ஓடிய பாசஞ்சர் வண்டிகளை 'பள்ளிக்கூட வண்டி' என்றே சொல்லலாம். சட்டைப் பையில் சீசன் டிக்கட், மடியில் திறந்த புத்தகம், ஜன்னலோரத்தில் கணக்குப் போடும் நண்பன். அந்தப் பெட்டியே ஒரு வகுப்பறை. வண்டி தாமதமானால் தலைமையாசிரியரும் மன்னித்துவிடுவார். இன்றும் வீட்டிலிருந்து பள்ளிக்குச் சென்றுவர, மாணவர்க்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும், மாணவியர்க்குப் பட்டப்படிப்பு வரையிலும், இரண்டாம் வகுப்புச் சீசன் டிக்கட்டை இரயில்வே கட்டணமின்றி வழங்குகிறது. பலர் இதனை அறியாமலே பணம் கொடுத்து வருகிறார்கள். ஆதலால் இந்த விழா மேடையிலேயே சொல்லி வைக்கிறேன்.

நிற்க. விளையாட்டுக்கு வருவோம்.

அந்நாளில் மாலை மணி அடித்தவுடன் பள்ளி முடிந்துவிடாது. பள்ளியின் இரண்டாம் பாதி அப்போதுதான் தொடங்கும். கழுத்தில் ஊதலும் கையில் பிரம்புமாக டிரில் மாஸ்டர் திடலின் நடுவே வந்து நிற்பார். தென்னாட்டுப் பள்ளிகளில் இந்த டிரில் மாஸ்டர் என்னும் மனிதரை உருவாக்கியதில், சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரிக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்கரான ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் அதனைத் தொடங்கினார். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்ற இந்திய வீரர்களோடு உடன் சென்றவரும் அவரே. அதற்கு முன் தேகப் பயிற்சி என்றால் வரிசையில் நின்று கையைக் காலை நீட்டி மடக்குவது என்றே பலரும் எண்ணியிருந்தனர். அக்கல்லூரியில் பயின்று வந்த ஆசிரியர்கள் பந்தும் வலையுமாக ஊர்தோறும் சென்றார்கள். கைப்பந்தாட்டம் 1895-ல் அமெரிக்காவிலே ஒரு ஒய்.எம்.சி.ஏ. கூடத்தில் பிறந்தது. அது நம் ஊர்த் திடலுக்கு வந்து, வேப்பமரத்துக்கும் மூங்கில் கம்பத்துக்கும் இடையே கட்டிய வலையின்மேல் பறந்தது இவர்களுடைய உழைப்பினால்தான்.

இவ்வட்டாரத்தின் செல்ல விளையாட்டு பூப்பந்து. தஞ்சை அரண்மனையில் தோன்றியதாகச் சொல்லப்படும் இவ்வாட்டம், தமிழ் நாட்டிலும் ஆந்திரத்திலும் பள்ளிக்குப் பள்ளி பரவியிருந்தது. பக்கத்துக்கு ஐவர், மஞ்சள் கம்பளி நூலால் ஆன சிறு பந்து, கையில் மரமட்டை. மழையில் நனைந்துவிட்டால் பந்து கனத்துப்போகும். அதை வெயிலில் காயவைத்துக் காத்திருந்தவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்! இவ்வாட்டத்துக்கான முதல் அர்ஜுனா விருதை 1970-ல் பெற்ற பிச்சையா அவர்களும் தெலுங்கு நாட்டவரே.

பணமே வேண்டாத விளையாட்டுகளும் இருந்தன. அவற்றில் ஒரு விந்தை உண்டு. தமிழ்ச் சிறுவன் சடுகுடு என்றான். தெலுங்குச் சிறுவன் செடுகுடு என்றான். இவனுக்குப் பம்பரம், அவனுக்குப் பொங்கரம். கோலி இருவர்க்கும் கோலியே. சிறுமியர் பாண்டியாடினால், பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெண் அதனைத் தொக்குடு பில்ல என்று சொல்லி, அதே கட்டங்களில் நொண்டியடித்துச் சென்றாள். இலக்கண நூல் இல்லாமலே இரண்டு மொழிகளும் குழந்தைகளுக்குத் திடலிலே வந்தன.

நம் காலனியில் ஓய்வு பெற்ற கார்டு ஒருவர் இருக்கிறார்; எண்பத்தைந்து வயதைக் கடந்தவர். எல்லைப் பூசல் மிகுந்திருந்த காலத்தில் அவர் ஐந்தாம் பாரத்து மாணவர். "கடைத்தெருவில் பெரியவர்கள் பேசிக்கொள்ளவும் அஞ்சிய நாட்கள் அவை. ஆனால் எங்கள் கைப்பந்துக் குழுவின் ஆறு பேரில் மூவர் தமிழர், மூவர் தெலுங்கர். வலையருகே நின்று அடிப்பவன் தெலுங்கன். அவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன் நான். அவனை வெறுத்துவிட்டு நான் எப்படி ஆடுவது?" என்று அவர் என்னிடம் கேட்டார். அவ்விருவரும் இறுதி வரை நண்பர்களாகவே இருந்தார்கள்; நண்பர் மறைந்த பின்னும் இரண்டு குடும்பங்களுக்கும் கொள்வினை கொடுப்பினை நீங்கலாக மற்றெல்லாப் போக்குவரத்தும் உண்டு. சமாதான மாநாடுகள் செய்யத்தக்க வேலையை ஒரு வலையும் ஒரு பந்தும் செய்திருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

பெண் குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். அந்நாளில் வயது வந்த பெண்ணைத் திடலுக்கு அனுப்பிய குடும்பங்கள் மிகச் சில. அந்தக் குறை நம் காலத்தில் தீர்ந்து வருகிறது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மித்தாலி ராஜ், செகந்திராபாத்திலே பள்ளியில் படித்து, 1999-ல் பதினாறு வயதில் அயர்லாந்துக்கு எதிராக ஆடிய தம் முதல் ஒருநாள் பந்தயத்திலேயே ஆட்டமிழக்காமல் 114 ஓட்டங்கள் எடுத்தார். 2022-ல் ஓய்வு பெறும் வரையில் நாட்டின் அணியை இருமுறை உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றார். உள்நாட்டுப் பந்தயங்களில் அவர் ஆடியது நம் இரயில்வே அணிக்காக. நம்மைப் போலவே வெளி நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பெண் என்பதை நம் தாய்மார்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

இன்றைய நிலை என்ன? நான் பள்ளியில் படித்த தொண்ணூறுகளிலேயே இம்மாற்றம் தொடங்கிவிட்டது. பத்தாம் வகுப்பில் எங்கள் விளையாட்டு நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பந்துகள் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. இன்று மாடிக் கட்டிடத்திலே, திடலே இல்லாமல் நடக்கும் பள்ளிகளைக் காண்கிறோம். விடியுமுன் தொடங்கி இரவு வரை படிப்பு. 2009-ல் இயற்றப்பட்ட கல்வியுரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்று தன் அட்டவணையிலேயே சொல்கிறது. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடல் வியர்க்க இயங்க வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் பாரதியாரோ, பாப்பாப் பாட்டிலே விளையாட்டைத்தான் முதலில் வைத்தார்.

"விளையாடினால் சோறு கிடைக்குமா?" என்று கேட்கும் தந்தையர் உண்டு. கிடைக்கும் என்பதற்கு நம் இரயில்வேயே சான்று. இரயில்வேயின் விளையாட்டு அமைப்பு 1928-லிருந்து இயங்கி வருகிறது. விளையாட்டு வீரர்க்கென்று தனி வேலை ஒதுக்கீடும் உண்டு. என்னோடு படித்த தோழர் ஒருவர், கணிதத்தில் இரண்டாம் முறையே தேறியவர். கைப்பந்தில் மாவட்டத்திற்கே பெயர் பெற்றவர். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்து, இன்று டிக்கட் பரிசோதகராக எங்களினும் மேலான சம்பளம் வாங்குகிறார். எல்லாருக்கும் இவ்வாய்ப்புக் கிட்டாது என்பதும் உண்மையே. ஆனால் வேலை கிடைக்காத மற்றவர்களுக்கும் திடல் உடல்நலத்தைத் தந்தது. தோற்றால் கைகுலுக்கும் பண்பைத் தந்தது. அயல்மொழி நண்பனைத் தந்தது.

இப்போது நம் காலனிக்கு வருகிறேன். கிழக்கு வரிசை வீடுகளின் பின்னே உள்ள வெற்றிடத்தைச் சமன் செய்து வண்டிகள் நிறுத்தக் கூரை போட வேண்டும் என்ற யோசனை, அடுத்த பொதுக்குழுவில் தீர்மானத்துக்கு வரவிருக்கிறது. யோசனை சொன்னவர்கள் என் நண்பர்கள். வெயிலில் வண்டிகள் வாடுவது எனக்கும் தெரியும். ஆயினும் நம் பிள்ளைகள் ஓடியாட மிஞ்சியிருக்கும் இடம் அஃது ஒன்றே. வண்டிகளைத் தெருவோரத்திலும் நிறுத்தலாம். பிள்ளைகளை அங்கே விட முடியுமா?

ஆகவே பொதுக்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, அவ்விடம் திடலாகவே இருக்கட்டும். இரண்டாவது, மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரையில் எந்த வீட்டிலும் டியூஷன் வைத்துக்கொள்வதில்லை என்று நாமே ஒரு கட்டுப்பாடு செய்துகொள்வோம். மூன்றாவது, அக்கம்பக்கத்துத் தெலுங்குக் குழந்தைகளுக்கும் அத்திடல் திறந்திருக்கட்டும். ஞாயிறு காலையில் நம் சங்கம் நடத்தும் தமிழ் வகுப்பில் நம் பிள்ளைகள் தாய்மொழி எழுதட்டும். மாலையில் திடலிலே அண்டை வீட்டாரின் மொழி பேசட்டும். இவ்விரண்டும் கூடியிருந்தால்தான் குடியேறிய ஊரில் நம் குலம் வேரூன்றும்.

வலையும் இரண்டு கம்பங்களும் வாங்க ஆகும் செலவில் என் பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பழைய கார்டு பெரியவர் முதல் பந்தைத் தூக்கிப்போட இசைந்திருக்கிறார். நாளைக் குறிப்பது உங்கள் கையில் இருக்கிறது.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!