மழையளவு மட்டும் போதாது: வறண்ட நிலத்து வடிநிலங்களும் வெள்ளமும்

ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஓடைகளைப் பற்றிப் பேச இங்கே கூடியிருக்கிறோம். அவற்றில் சில மணி நேரமே ஓடும் நீர் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. அப்படி ஒரு பேரழிவு நேரும்போதெல்லாம் அறிக்கைகள் மழையளவைச் சொல்லி நின்றுவிடுகின்றன. மழை விழுந்த வடிநிலத்தின் வடிவத்தையும் சரிவையும் அறியாமல் அந்த அழிவை விளக்க முடியாது என்பதே என் வாதம்.

ஜோர்தானின் பெட்ரா இதற்குத் தெளிவான சான்று. 1963 ஏப்ரலில் அங்குள்ள வாதி மூசா ஓடையில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 'சீக்' என்னும் பாறை இடுக்கில் புகுந்து, இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகளின் உயிரைப் பறித்தது. அந்த இடுக்கின் நீளம் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர், அகலமோ சில இடங்களில் 3 மீட்டர்தான். மேலே செங்குத்துச் சரிவுகள், நீரை உறிஞ்சாத பாறை, அருகிய செடிகொடி. சரிவைப் போலவே வடிவமும் முக்கியம்: வட்டமான வடிநிலத்தில் கிளை ஓடைகள் வெளிவாயிலுக்கு ஏறக்குறையச் சம தூரத்தில் இருப்பதால் நீர் ஒரே நேரத்தில் வந்து குவியும்; நீண்டு ஒடுங்கியதில் முன்னும் பின்னுமாக வந்து சேரும். அதனால் ஒரே அளவு மழைக்கு இரண்டிலும் உச்ச வெள்ளம் வேறுபடுகிறது. நிலம் சொன்னதை, பெட்ராவை உருவாக்கிய நபத்தேயர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்டார்கள். இடுக்கின் வாயிலில் அணை எழுப்பி, பாறையைக் குடைந்து 88 மீட்டர் சுரங்கத்தின் வழியே வெள்ளத்தைத் திருப்பிவிட்டார்கள். 1963 துயரத்துக்குப் பின் அங்கே அணை மீண்டும் கட்டப்பட்டது.

பாலை ஓடைகளின் மணற்படுகை நீரைக் குடித்துவிடுமே, வடிவத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அரிசோனாவின் வால்நட் கல்ச் வடிநிலத்தில் பல பதிற்றாண்டுகளாக எடுக்கப்பட்ட அளவீடுகள் அந்த இழப்பை உறுதி செய்கின்றன. பரப்பு கூடக்கூட, சதுர கிலோமீட்டருக்குக் கிடைக்கும் நீர் குறைகிறது. இது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. நீண்ட ஓடையில் மணலுக்கு நேரம் கிடைக்கிறது; குட்டையான, செங்குத்தான ஓடையில் அது கிடைப்பதில்லை. கோடை இடிமழை சிறு பரப்பிலேயே கொட்டுவதால் சிறிய வடிநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் நனைந்துவிடுகிறது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு: வடிநிலம் வட்டத்தை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டும் வட்டத்தன்மை விகிதமும், பரப்பளவுக்கு எவ்வளவு நீள ஓடை உண்டு என்று காட்டும் ஓடை அடர்த்தியும் வரைபடத்துக் கணக்குகள், அவை மண்ணுக்கு அடியில் உள்ளதைக் காட்டா. உண்மை. 2006 ஆகஸ்டில் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் ஓராண்டு மழையைவிட அதிகம் சில நாள்களில் கொட்டியது. காவாஸ் கிராமம் தாழ்நிலத்தில் இருந்தது. நீர் வெளியேற வழியில்லை; மணலுக்கு அடியில் இருந்த ஜிப்சம் படலம் அதைக் கீழே இறங்கவும் விடவில்லை. வெள்ளம் வாரக்கணக்கில் தேங்கி நின்றது. அங்கே நீரை ஓட்டவேண்டிய சரிவு இல்லாததே கேடாயிற்று. நிலத்தின் அமைப்பை மண்ணோடு சேர்த்துப் படிக்கவேண்டும் என்பதே இதிலிருந்து நான் கொள்ளும் முடிவு. விகிதங்களைக் கைவிட இது காரணமாகாது.

ஆகவே இங்கே ஆய்வுக்கட்டுரை அளிப்போரிடம் ஒரு வேண்டுகோள். செயற்கைக்கோள் தரவிலிருந்து விகிதங்களைக் கணக்கிட்டு, ஆபத்து வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவதோடு பணி முடிந்ததாகக் கொள்ளாதீர்கள். வெள்ளம் வடிந்த பின் கரையில் தங்கிய சுவடுகளை அளந்து, உங்கள் வரைபடத்தை அவற்றோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். ஓடைப்படுகைகளில் வீட்டுமனைகளுக்கு அனுமதி வழங்குவோரிடம் அந்தச் சான்றையே கொண்டுபோய் வையுங்கள்.