உபாத்தியாயரும் கடைக்காரருமான ஆபிரகாம் பண்டிதர்

(அகரத்தில் நமது சங்கத்தார் குடும்பத்தோடு கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாள் முழுதும் கடையில் நின்று உழைத்த களைப்பையும், நாளைக்குச் சரக்குப் பிடிக்கும் கவலையையும் ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டு இம்மாலைப்பொழுதில் இத்தனை பேர் இங்கே கூடியிருப்பது கண்டு மனம் மிக மகிழ்கின்றேன். ஆபிரகாம் பண்டிதர் அவர்களைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டனர். அப்பெயரைக் கேட்டவுடன் கற்றவர் நினைவுக்கு வருவது ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெரிய இசைநூலேயாகும். அந்நூலின் நுட்பங்களை விரித்துரைக்க இசைவாணர் பலர் உளர். அடியேன் எடுத்துக்கொண்டது வேறொரு பகுதி. அந்நூலை எழுதிய கை, அதற்கு முன்னே பள்ளிக்கூடத்தில் சுண்ணக்கட்டி பிடித்த கை. பின்னே மருந்துக்கடையில் தராசு பிடித்த கை. உபாத்திமையும் வியாபாரமும் ஒருவர் வாழ்வில் எங்ஙனம் ஒன்றற்கொன்று துணையாய் நின்றன என்பதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். ஏனெனில் நம்மவரிற் பலர் வீடுகளில் இவ்விரண்டும் இன்றும் பகையாகவே எண்ணப்பட்டு வருகின்றன.

பண்டிதர் அவர்கள் 1859-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி சாம்பவர் வடகரையில் முத்துசாமி, அன்னம்மாள் என்னும் தம்பதிகளுக்கு மகனாகப் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. இப்பொழுது தென்காசி மாவட்டத்தில் அடங்கும். ஊரில் இளமைக் கல்வி முடிந்தபின், உபாத்திமைப் பயிற்சி பெறும்பொருட்டு அவர் வந்து சேர்ந்த இடம் நமது திண்டுக்கல். யார்க் துரை என்பவர் அங்கே நடத்தி வந்த ஆசிரியப் பயிற்சிப் பாடசாலையில் மாணாக்கராய்ப் பயின்று, பின்னர் அதே பாடசாலையில் உபாத்தியாயராகவும் அமர்ந்தார்.

பிற்காலத்து ஆபிரகாம் பண்டிதரை ஆக்கிய வித்துக்கள் பலவும் திண்டுக்கல்லிலேயே ஊன்றப்பட்டன என்று சொல்லுதல் மிகையன்று. பிடில் வாத்தியத்தை அவர் முறையாகக் கற்றது இவ்வூரில் சடையாண்டிப் பத்தர் என்பவரிடத்தில். புகைப்படம் எடுத்தல், அச்சுவேலை முதலியவற்றிலும் அவருக்கு இளமையிலேயே நாட்டம் உண்டாயிற்று. உபாத்தியாயராய் இருப்பவர் ஒருபோதும் மாணாக்கராய் இருத்தலை விட்டுவிடலாகாது என்பதற்கு அவருடைய திண்டுக்கல் வாழ்வே சான்று. பகலிற் கற்பித்தார், ஓய்ந்த நேரமெல்லாம் கற்றார். கற்பித்தவர் எக்குலத்தார், எம்மதத்தார் என்று அவர் பார்த்தவரல்லர்.

அக்காலம் எத்தகைய காலம் என்பதையும் சற்று நினைத்தல் வேண்டும். 1876 முதல் 1878 வரையில் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. பஞ்சத்தோடு வாந்திபேதியும் காய்ச்சலும் சேர்ந்து கிராமம் கிராமமாக மக்களைக் கொண்டுபோயின. ஆஸ்பத்திரிகள் மிகச் சிலவே இருந்த அந்நாளில், நாட்டு மருந்து அறிந்தவரே ஏழைகட்குத் தஞ்சம். இத்தகைய நிலையில் இளைஞரான பண்டிதர் வைத்தியத்தில் மிகுந்த சிரத்தை கொண்டது வியப்பன்று. ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்தார். மூலிகைகளைத் தேடி மலைகளுக்குச் சென்றார். கம்பம் பள்ளத்தாக்கைச் சார்ந்த சுருளிமலையில் கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, அவரிடத்தில் மருந்து முறைகளை உபதேசமாகப் பெற்றார். அக்குருவினிடத்தில் அவர் வைத்த நன்றி சாமானியமானதன்று. பிற்காலத்தில் தாம் செய்த மருந்துகளுக்கும், வாழ்ந்த தோட்டத்துக்கும், எழுதிய நூலுக்கும் அக்கருணையின் பெயரையே சூட்டினார். கிறிஸ்தவராய் விளங்கிய ஒருவர் மலைவாழ் முனிவர் ஒருவரைத் தம் ஆசிரியராக ஆயுள் முழுதும் வெளிப்படையாய்ப் போற்றி வந்தார் என்பது இக்காலத்து நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கதாகும்.

1882-ம் வருஷம் டிசம்பர் மாதம் ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் நற்குண அம்மையாரை மணந்தார். பின்னர் இருவரும் தஞ்சாவூர் சென்று, லேடி நேப்பியர் பெண்பாடசாலையில் வேலை ஏற்றனர். அம்மையார் தலைமை ஆசிரியை, கணவர் தமிழாசிரியர். தாய்மார்களே! இதனைச் சற்று எண்ணிப்பாருங்கள். இன்றைக்கு 140 வருஷங்கட்கு முன்னே, மனைவி தலைமை தாங்கும் பள்ளியில் கணவர் அவருக்குக் கீழ் ஆசிரியராய் அமர்ந்து வேலை பார்த்தார். அதனைத் தமக்கு இழிவாக அவர் கருதினாரல்லர். பெண்மக்களின் அறிவைத் தம் வீட்டிலேயே மதித்தவராதலின், பிற்காலத்தில் அவர் வீட்டுப் பெண்மக்களே அவருடைய ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாக நின்றனர்.

தஞ்சையில் உபாத்திமையோடு வைத்தியமும் நடந்து வந்தது. நாளடைவில் மருந்து நாடி வருவோர் தொகை பெருகியது. 1890-ம் வருஷத்தில் இருவரும் பள்ளி வேலையை விட்டு நீங்கினர். அப்பொழுது பண்டிதருக்கு வயது 31. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் உத்தியோகத்தை விட்டுவிட்டு, வருமானம் இன்னதென்று சொல்லவொண்ணாத கடைத்தொழிலில் இறங்குதல் எளிய காரியமன்று. கைம்முதல் போட்டுக் கடை திறந்த நம்மவர் ஒவ்வொருவரும் அந்த முதல் வருஷத்துக் கவலையை அறிவர்.

கருணாநிதி வைத்தியசாலை என்னும் பெயரால் அவர் நடத்திய தொழில் விரைவிலே தழைத்தது. ‘கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள்’ தமிழ்நாட்டில் மட்டுமன்றி இந்தியாவின் பிற பகுதிகளிலும் இலங்கை, பர்மா முதலிய நாடுகளிலும் விலையாயின. அவருடைய கோரோசனை மாத்திரைகள் குழந்தைகள் உள்ள வீடுகளிற் பெயர்பெற்றன. அம்மருந்துகளின் குணத்தை ஆராய்தல் மருத்துவம் கற்றோர் கடமை. அதில் நான் புகவில்லை. வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஊர்ச்சந்தையில் விற்கும் சரக்கை வாங்குவோன் கையால் தொட்டும் முகர்ந்தும் பார்க்கலாம். தூரதேசத்தில் உள்ளவன் பெயரை மட்டும் நம்பிப் பணம் அனுப்புகின்றான். சென்ற மாதத்து மாத்திரையும் இம்மாதத்து மாத்திரையும் நிறையிலும் சேர்மானத்திலும் ஒன்றாக இல்லையானால், அந்நம்பிக்கை ஒரே நாளில் அழிந்துவிடும். ஆகவே குன்றிமணி எடையும் பிசகாத ஒழுங்கு அத்தொழிலுக்கு உயிர்நாடி. பள்ளிக்கூடத்து ஒழுங்கும் கடையொழுங்கும் வேறல்ல என்பது இதனால் விளங்கும்.

தொழிலிற் கிடைத்த பொருளைக் கொண்டு தஞ்சைக்கு வெளியே விரிந்த நிலம் வாங்கித் தோட்டம் அமைத்தார். கருணானந்தபுரம் என்பது அவர் இட்ட பெயர். பண்டிதர் தோட்டம் என்பது மக்கள் வழங்கிய பெயர். மருந்துக்கு வேண்டும் மூலிகைகள் அங்கேயே பயிராயின. பலவகைப் பயிர்களை வைத்துப் பரீட்சை செய்து, விவசாயக் கண்காட்சிகளில் பரிசும் பெற்றார். 1909-ம் வருஷத்தில் அரசாங்கத்தார் அவருக்கு ராவ்சாகிப் பட்டம் அளித்தனர். செல்வமும் பட்டமும் ஒருங்கே வந்தபின் பலர் செய்வது யாதென்று நமக்குத் தெரியும். பெரிய வீடு கட்டுவர், ஆடம்பரக் கலியாணம் நடத்துவர், வழக்காடுவர். பண்டிதரோ அதன் பின்னரே தம் வாழ்நாளின் பெருஞ்செலவைத் தொடங்கினார்.

அச்செலவு இசைத்தமிழுக்காகச் செய்யப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகள் பொருள் தெரிந்து பாடிப் பழகத்தக்க பாட்டுக்கள் போதியன இல்லையென்று கண்டு, கீதங்களும் கீர்த்தனைகளும் தாமே தமிழில் இயற்றினார். பழந்தமிழர் இசைமுறை யாது என்னும் வினா அவரை விடாது பற்றியது. 1892-ம் வருஷத்தில் உ. வே. சாமிநாதையரவர்கள் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சிட்டிருந்தார்கள். அரங்கேற்று காதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும் உள்ள இசைக் குறிப்புக்களைப் பண்டிதர் வீணைத் தந்தியில் வைத்தும் கணக்குப் போட்டும் பல்லாண்டு ஆராய்ந்தார்.

1912-ம் வருஷம் மே மாதம் 27-ந் தேதி தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தின் முதல் மாநாட்டைக் கூட்டினார். அதன்பின் மேலும் பல மாநாடுகள் நடைபெற்றன. பல ஊர்களிலிருந்தும் வித்துவான்கள் வந்து தம்முள் வாதிட்டனர். செலவு பண்டிதருடையது. 1916-ம் வருஷம் மார்ச்சு மாதம் பரோடா மகாராஜாவின் ஆதரவில் அகில இந்திய சங்கீத மாநாடு கூடியபொழுது, பண்டிதர் அங்கே சென்று தம் கொள்கையை எடுத்துரைத்தார். சொல்லால் மட்டும் உரைத்து அமையாமல், தம் குடும்பத்துப் பெண்மக்களைக்கொண்டு வீணையில் வாசித்தும் காட்டச் செய்தார்.

அவர் கொள்கையைக் கடைக்காரர் மொழியிலே சொல்லலாம். ஊருக்கு ஒரு படி, கடைக்கு ஒரு படிக்கல் என்றிருந்தால் கணக்கு ஒருநாளும் நேராகாது. ஸட்ஜம் தொடங்கி மேல் ஸட்ஜம் வரையில் உள்ள இடைவெளியில் 22 சுருதிகள் என்று வடமொழி நூல்கள் கூறின. அவை இன்னின்ன அளவின என்பதில் அறிஞர்க்குள் ஒற்றுமை இல்லை. பண்டிதர், அவ்விடைவெளி 12 சம பாகமாகவும் 24 சம பாகமாகவும் பகுக்கப்படுவதே பழந்தமிழ் முறை என்று கணித வாயிலாக நாட்டப் புகுந்தார். இதனை இசையறிஞர் எல்லாரும் ஏற்றுக்கொண்டனர் என்று நான் சொல்லமாட்டேன். இன்றளவும் மாறுபட்ட கருத்துடையார் உளர். ஆயினும் சிலப்பதிகாரத்தில் ஓர் இசை இலக்கணம் புதைந்து கிடக்கின்றது என்று உலகறியச் சொல்லி, எவரும் சரிபார்க்கும்படி கணக்கையெல்லாம் திறந்து வைத்தவர் அவரே. தம் பேரேட்டை மறைக்காத வியாபாரி எவ்வளவு மதிக்கத்தக்கவரோ, தம் கணக்கை மறைக்காத ஆராய்ச்சியாளரும் அவ்வளவு மதிக்கத்தக்கவராவர்.

கருணாமிர்த சாகரத்தின் முதற்புத்தகம் 1917-ம் வருஷத்தில், அவருக்குச் சொந்தமான அச்சுக்கூடத்திலேயே அச்சாகி வெளிவந்தது. 1,300 பக்கங்கட்கு மேற்பட்டது. இரண்டு வருஷங்கள் கழித்து 1919-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி, 60 வயது நிரம்பிய சில நாட்களில், பண்டிதர் இவ்வுலகை நீத்தார். தாம் வளர்த்த தோட்டத்திலேயே அடக்கஞ் செய்யப்பெற்றார். எஞ்சிய ஆராய்ச்சியை அவர் மகளார் மரகதவல்லி அம்மையார் 1946-ம் வருஷத்தில் இரண்டாம் புத்தகமாக வெளியிட்டனர். தந்தை விட்டுச்சென்ற கடனைத் தீர்க்கும் மக்களை நாம் கண்டிருக்கின்றோம். தந்தை விட்டுச்சென்ற நூலை 27 வருஷங்கள் கழித்தும் அச்சேற்றி முடித்த மகளார் நம் பெருமதிப்புக்கு உரியவரல்லரோ?

அன்பர்களே! பண்டிதர் நாடார் குலத்திற் பிறந்தவர் என்பதனால் நாம் அவரை நம்மவர் என்று பெருமையோடு கூறுகின்றோம். அது இயல்பே. ஆனால் ஒருவர் படத்தைச் சுவரில் மாட்டுவதால் மட்டும் அவர் நம்மவர் ஆகிவிடமாட்டார். அவர் செய்ததில் ஒரு கைப்பிடி அளவேனும் நாம் செய்தால்தான் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு.

நம் வீடுகளில் இரண்டு குறைகள் காண்கின்றேன். பையன் கணக்கிற் கெட்டிக்காரன் என்று கண்டவுடன் படிப்பை நிறுத்திக் கல்லாவில் உட்கார வைப்பது ஒன்று. படித்துப் பட்டம் பெற்ற பிள்ளை, தந்தையின் கடைக்குள் நுழையவும் நாணுவது மற்றொன்று. முதற்குறை கடைக்காகக் கல்வியைக் கொல்வது. இரண்டாங்குறை கல்வியின் பெயரால் கடையை அவமதிப்பது. பண்டிதர் வாழ்வு இரண்டிற்கும் மறுமொழி கூறுகின்றது. கற்ற ஒழுங்கினால் கடை வளர்ந்தது. கடை வருமானத்தால் கல்வி வளர்ந்தது.

“கடைக்காரனுக்கு ஏது நேரம்?” என்று ஒருவர் கேட்கலாம். பெரியதொரு வைத்தியசாலையையும் தோட்டத்தையும் நடத்திக்கொண்டே 1,300 பக்கம் எழுதியவருக்கும் நாளொன்றுக்கு 60 நாழிகைதான் இருந்தது. “எங்களிடம் அவ்வளவு செல்வம் இல்லையே” என்பார்க்கும் நம் முன்னோர் வழி காட்டியிருக்கின்றனர். விருதுநகர் வியாபாரிகள் மகமைப் பணத்தாலும், வீட்டுக்கு வீடு எடுத்த பிடியரிசியாலும் க்ஷத்திரிய வித்தியாசாலையை வளர்த்தனர். காமராஜர் இளமையிற் படித்தது அப்பள்ளியிலேதான். பிடியரிசியால் எந்தக் குடும்பமும் ஏழையானதில்லை.

ஆகவே உங்களை வேண்டிக்கொள்வது மூன்று. பள்ளிப் படிப்பு முடியாத பிள்ளை எவனையும் கல்லாவில் அமர்த்துவதில்லை என்று ஒவ்வொரு குடும்பமும் உறுதி செய்துகொள்ளட்டும். பெண்பிள்ளைகளுக்கும் கடைக்கணக்கையும் அவர்கள் விரும்பிய கலையையும் கற்பிப்போமாக. நமது சங்கத்தில் மகமைபோல் மாதந்தோறும் ஒரு சிறு தொகை ஒதுக்கி, அகரத்திலும் அக்கம்பக்கத்திலும் உள்ள எச்சாதிப் பிள்ளையும் வந்து படிக்கத்தக்க ஒரு வாசகசாலை நடத்துவோமாக. திண்டுக்கல்லிற்கு வெறுங்கையோடு வந்த ஓர் இளைஞருக்கு, சாதி கேளாமல் பிடில் சொல்லிக்கொடுத்த சடையாண்டிப் பத்தருக்கு இவ்வூர்ப் பக்கத்தார் செலுத்தும் கைம்மாறு அதுவேயாகும்.