யார் செய்த பாவம்?
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை சாப்ளின் ஐயர் ஆற்றிய உரை)



மனநல வார்டில் ஜெபிக்கப் போனால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும். "ஐயரே, யார் செய்த பாவம் என் பிள்ளைமேல் வந்தது?" கேட்பது தாய். தகப்பன்மார் கேட்பதில்லை, வராந்தாவில் நிற்பார்கள். கட்டிலில் இருக்கும் பிள்ளைக்கு யாரோ காதில் பேசுவதாகக் கேட்கும். சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளிவிடும். புகுந்த வீட்டார் தாயின் வம்சத்தைக் குறை சொல்லுவார்கள். சபையாரில் சிலர் சாபம் என்பார்கள்.

சீஷர்களும் பிறவிக் குருடனைப் பார்த்து இதையேதான் கேட்டார்கள். யோவான் 9ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஆண்டவர் அந்தப் பழியை அவன்மேலும் வைக்கவில்லை, அவனைப் பெற்றவர்கள்மேலும் வைக்கவில்லை.

மனச்சிதைவு ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு வருகிற வியாதி. வம்ச வழியாக வருவதா என்றால், ஓரளவுக்கு ஆம். ஆனால் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால், மற்றவருக்கு வருவது பாதிப் பேருக்கும் குறைவே. மரபணு இருவருக்கும் ஒன்றுதானே, பிறகு வித்தியாசம் எங்கே?

நம் பாடகர் குழுவிலிருக்கும் பழைய கீர்த்தனைப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். "இந்தச் சரணத்தை விடவும்", "இதை இரண்டு தரம்" என்று யாரோ பென்சிலால் குறித்திருப்பார்கள். அச்சிட்ட எழுத்து மாறவில்லை, பாடுவது மாறுகிறது. நம் உயிரணுக்களிலும் அப்படித்தான். மெத்தில் என்னும் சிறு மூலக்கூறு மரபணுவின்மேல் ஒட்டிக்கொண்டு, அது வேலை செய்யவா, அடங்கியிருக்கவா என்பதை மாற்றக்கூடும். எபிஜெனெட்டிக்ஸ் என்பது இந்தக் குறிகளைப் பற்றிய படிப்பு.

இந்தக் குறிகளை எது போடுகிறது? ஹாலந்து தேசத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். 1944 செப்டம்பரில் அங்கே ரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜெர்மானியப் படை பழிவாங்க, மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தது. குளிரில் கால்வாய்கள் உறைந்தன. பங்கீட்டு உணவு நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் கீழே இறங்கியது. ஜனங்கள் டியூலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். ஏறக்குறைய 20,000 பேர் மாண்டார்கள். 1945 தொடக்கத்தில் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய மாவில் சுட்ட ரொட்டியை அங்குள்ள முதியவர்கள் கடைசிவரை மறக்கவில்லை என்பார்கள். முன்பின் அறியாதவர் கொடுத்த காணிக்கை அல்லவா! மே மாதம் விடுதலை வந்தது.

அந்தப் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவில் உருவான பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பின்பு, எஸ்ரா சஸ்ஸர் முதலான ஆராய்ச்சியாளர்கள் 1990களில் பதிவேடுகளைப் புரட்டினார்கள். அவர்களுக்குள் மனச்சிதைவு ஏறக்குறைய இரண்டு மடங்காய் இருந்தது. 2008இல் லைடன் நகர ஆய்வாளர்கள் அப்பஞ்சத்தில் கருவானவர்களின் இரத்தத்தை, பஞ்சத்தில் அகப்படாத சகோதர சகோதரிகளின் இரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சிக்குரிய ஒரு மரபணுவில் மெத்தில் குறிகள் குறைந்திருந்தன. அறுபது வருஷம் கழிந்தும் அந்தத் தடம் அழியவில்லை!

இங்கே சற்று நிதானம் வேண்டும். அது இரத்தத்தில் கண்டது, மூளையில் அல்ல. இந்நோய் இருந்து மரித்தவர்களின் மூளைத் திசுவையும் பரிசோதித்திருக்கிறார்கள். பல மரபணுக்களில் சிறு சிறு வேறுபாடுகள் தெரிகின்றன. அவை நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா, மருந்தும் புகைபிடித்தலும் விட்ட தடமா என்று பிரித்தறிவது கடினம். குறிகளை அழித்து நோயை நீக்கும் மருந்தும் இன்று கிடையாது. யாராவது விற்க வந்தால் வாங்காதேயுங்கள்.

இரண்டு மடங்கு என்றாலும் நூற்றுக்கு இரண்டு பேர். மற்ற தொண்ணூற்றெட்டுப் பேருக்கு அந்நோய் வரவில்லை. இதை அழுத்திச் சொல்லுகிறேன். ஏனென்றால், சாபம் என்ற பழைய பழியை எடுத்துவிட்டு, "நீ மாசமாயிருந்தபோது சரியாய்ச் சாப்பிடவில்லை" என்று புதுப் பழியை அதே தாயின் தலையில் வைக்க நம்மால் முடியும். ஹாலந்தில் பட்டினி கிடந்த தாய்மார் ரயிலை நிறுத்தினார்களா, உணவைத் தடுத்தார்களா?

நம் வார்டுக்கு வந்த ஒரு விதவைத் தாய், தையல் மிஷினை விற்று மகனை ஊர் ஊராய் ஜெபத்துக்குக் கொண்டுபோய், கடைசியில் இங்கே வந்தார். அவன் இப்போது மாத்திரை சாப்பிட்டு, ஆடு மேய்த்து, ஞாயிறு ஆராதனைக்கு வருகிறான். "ஜெபித்தாயிற்றே, மாத்திரை எதற்கு?" என்று அவரிடம் ஒரு மூப்பர் கேட்டாராம். அந்த மூப்பர் சர்க்கரைக்குத் தினமும் இரண்டு மாத்திரை போடுகிறவர்! நான் ஜெபிக்கிறேன், டாக்டர் மருந்து கொடுக்கிறார். இரண்டும் ஒரே கர்த்தருடைய கையிலிருந்து வருகிறதென்றே நம்புகிறேன்.

நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு இந்த மாத்திரைகளுக்கும், மாதந்தோறும் வந்துபோகும் பஸ் கட்டணத்துக்கும் போகிறது. இன்னொரு பங்கு கர்ப்பிணிகள் கிளினிக்கில் கொடுக்கும் முட்டைக்கும் சுண்டலுக்கும். இரண்டையும் தனித்தனி நிதியாக வைத்திருக்கிறோம். எதற்கென்று கவரின்மேல் குறித்து அனுப்புங்கள். அந்தத் தாயின் தையல் மிஷினை மீட்டுக் கொடுக்க யாருக்காவது மனமிருந்தால் என்னைத் தனியே வந்து பாருங்கள்.